வைக்கோலுக்கும் உலர்தீவனத்துக்கும் பழைய டிராக்டர்: எந்த அளவு ஏற்றது?

சம்பா அறுவடை முடியும் தை, மாசி மாதங்களில் செஞ்சி வட்டாரத்துக் குடியானவர்களிடையே இரண்டு விஷயங்கள் ஓயாமல் பேசப்படுகின்றன. ஒன்று நெல்லின் விலை, மற்றொன்று வைக்கோல். முன்பெல்லாம் தாளைக் கையால் அறுத்துக் களத்தில் அடித்து வைக்கோலை வீட்டுப் பக்கத்தில் போராகப் போட்டு வந்தனர். அறுவடை யந்திரம் ஊருக்குள் வந்த பிறகு வைக்கோல் வயலிலேயே வரிசையாக விழுந்துவிடுகிறது. அதனை வாரிக் கட்ட ஆள் கிடைப்பது அருமை; கிடைத்தாலும் கூலி கட்டுவதில்லை. ஆகையால் வயலில் கிடக்கும் வைக்கோலைச் சுருட்டி நூல் சுற்றிக் கட்டாக வெளியே தள்ளும் பேலர் என்னும் யந்திரம் இப்பக்கங்களில் பரவியது. பேலருக்கு டிராக்டர் வேண்டும். புதிய டிராக்டரின் கிரயம் சிறு குடியானவர்களுக்கு எட்டாதபடியால் அவர்கள் பழைய வண்டியை நாடுகின்றனர். அங்கேதான் இக்கட்டுரைக்கு உரிய கேள்வி எழுகிறது: எத்தனை குதிரைச் சக்தியுள்ள வண்டியை வாங்குவது?

இதற்குப் பெரும்பாலோர் சொல்லும் விடை, "கிடைப்பதில் பெரியதாகப் பார்த்து வாங்கு" என்பதாம். பழைய வண்டிச் சந்தையில் 50 குதிரைச் சக்தி வண்டிக்கும் 35 குதிரைச் சக்தி வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசம் சில சமயம் மிகவும் சுருங்கிவிடுவதே இதற்குக் காரணம். இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் பெரிய வண்டி கிடைக்கிறதே என்று மனம் இளகுகிறது. வாசலில் பெரிய வண்டி நிற்பதில் ஒரு கௌரவமும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் வைக்கோலும் உலர்தீவனமும் தயாரிக்கும் சிறு பண்ணைக்கு அந்த விடை பொருந்தாது. அத்தகைய பண்ணைக்கு 35 முதல் 40 குதிரைச் சக்தி வரையுள்ள வண்டியே போதும். அதற்கு மேற்பட்டது கடனைத்தான் பெருக்கும். அதற்குக் கீழ்ப்பட்டது பேலரைச் சுழற்றாது. அந்த 35-க்குள்ளும் எல்லா வண்டியும் உதவாது என்பது பின்னே விளங்கும்.

முதலில் நிலத்தைக் கவனிக்க வேண்டும். செஞ்சிக்கு அடுத்த தொண்டூர், சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் பழந்தமிழ்க் கல்வெட்டும் உள்ள பாறைக்குன்றால் வெளியூராருக்கு அறிமுகமான ஊர். முன்பு தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்து 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதியில் ஏரிப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் நெல்லும், மேட்டு நிலத்தில் மணிலாவும் பயிராகின்றன. வயல்கள் சிறியவை, வரப்புகள் பல. தமிழ் நாட்டில் ஒரு குடியானவரின் சராசரி நிலம் 2015-16-ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இவ்வளவு சிறிய நிலமும் பெரும்பாலும் ஒரே துண்டாக இராது. நீண்ட வண்டியும் அதன் பின்னே பேலரும் திரும்புவதற்கு வேண்டிய இடத்தை வயலின் இரு தலைமாட்டிலும் விட்டுக்கொண்டே போனால், கட்டப்படும் வைக்கோலைவிட மிதிபடும் வைக்கோல் அதிகமாகிவிடும்.

பெரிய டிராக்டர் தவறான யந்திரம் என்று சொல்ல வரவில்லை. அதற்குரிய வேலை வேறு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின் அமெரிக்கச் சேனை இந்தியாவில் விட்டுச்சென்ற பழைய டிராக்டர்களைக் கொண்டு 1947-இல் மத்திய டிராக்டர் ஸ்தாபனம் ஏற்பட்டது. மத்திய இந்தியாவில் காஞ்சிப்புல் என்னும் ஆழவேர்க் களை மண்டிக் கிடந்த தரிசுகளை உழுது சாகுபடிக்குக் கொண்டுவருவதே அதன் நோக்கம். அவ்வேலைக்காக 1949-இல் உலக வங்கி இந்தியாவுக்கு 1 கோடி டாலர் கடன் கொடுத்தது. இந்நாட்டில் பழைய டிராக்டர்களைப் பெரிய அளவில் உபயோகித்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. மைல் கணக்கில் வரப்பில்லாத கரிசல் தரிசுக்குக் கனத்த வண்டி தக்கதே. நான்கு வரப்புக்குள் அரை ஏக்கர் வைக்கோலைச் சுருட்டுவதற்கு அந்த நியாயம் செல்லாது.

இனி வைக்கோல் வேலை டிராக்டரிடம் கேட்பது என்ன என்று பார்க்கலாம். உழவில் வண்டியின் இழுப்பு வேண்டும். பேலரிலோ இழுப்பு அற்பம். இப்பகுதிகளில் அதிகமாக ஓடும் சிறிய உருளைப் பேலரின் எடை அரை டன்னுக்குச் சற்று மேற்பட்டது. உலர்ந்த வயலில் அதை இழுக்க அதிகச் சக்தி செலவாவதில்லை. சக்தி முழுவதும் வண்டியின் பின்புறம் சுழலும் பி.டி.ஓ. தண்டின் வழியே செல்ல வேண்டும். பேலரை நிமிஷத்துக்கு 540 சுற்று வேகத்தில், வைக்கோல் கூடியபோதும் குறைந்தபோதும் தளராமல் சுழற்ற வேண்டும். ஆகவே வாங்குபவர் கேட்க வேண்டியது எஞ்சினில் எத்தனை குதிரைச் சக்தி என்பதை அன்று, பி.டி.ஓ.வில் எத்தனை என்பதே. எஞ்சினில் 35 உள்ள வண்டி பி.டி.ஓ.வில் ஏறக்குறைய 30-ஐத் தரும். தேய்ந்த எஞ்சின் அதனினும் குறைவாகத் தரும். சிறிய உருளைப் பேலர்களுக்கு அவற்றைச் செய்வோர் சாதாரணமாக 35 குதிரைச் சக்திக்குக் குறையாத டிராக்டரைக் கேட்கின்றனர். 25 குதிரைச் சக்தி வண்டியால் காய்ந்த, மெல்லிய வரிசையில் ஒருவாறு ஓட்டிவிடலாம். காலைப் பனியில் சற்றே ஈரம் ஏறிய வைக்கோலில் அது திணறி நின்றுவிடும்.

எழுதியிருக்கும் குதிரைச் சக்தியை அப்படியே நம்பலாகாது என்பதற்கு அமெரிக்க நாட்டு உதாரணம் ஒன்று பிரசித்தமானது. நெப்ராஸ்கா ராஜ்யத்தில் வில்மட் குரோஸியர் என்ற குடியானவர் ஒரு டிராக்டரை வாங்கினார். அது விளம்பரத்தில் கண்ட வேலையில் பாதியும் செய்யவில்லை. அடுத்து வாங்கிய பழைய வண்டியும் அவரைக் கைவிட்டது. பிற்பாடு அவர் அந்த ராஜ்யத்தின் சட்டசபை அங்கத்தினரானார். எந்த டிராக்டரும் பரீக்ஷை செய்யப்பட்டுச் சக்தி நிரூபிக்கப்படாமல் அங்கே விற்கப்படலாகாது என்று 1919-இல் சட்டம் ஏற்பட அவர் காரணமானார். 1920 முதல் அங்குள்ள சர்வகலாசாலையில் நடந்துவரும் அந்தப் பரீக்ஷைகள் உலகெங்கும் மதிக்கப்படுகின்றன. இந்தியாவில் அதே காரியத்தை மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னும் ஊரிலுள்ள மத்திய அரசாங்கப் பரிசோதனை நிலையம் செய்துவருகிறது. ஒரு மாதிரி டிராக்டரின் பி.டி.ஓ. சக்தி, மணிக்குச் செலவாகும் டீசல், தூக்கும் பளு முதலிய விவரங்கள் அதன் அறிக்கைகளில் அடங்கியிருக்கின்றன. தரகர் சொல்வதைக் கேட்கு முன் தாம் வாங்க எண்ணும் மாதிரியின் அறிக்கையை, படித்த பிள்ளைகளைக் கொண்டாவது, பார்த்துக்கொள்வது சிலாக்கியம். அந்த எண்கள் புதிய வண்டிக்கு உரியவை என்பதை மட்டும் மறக்கலாகாது.

சக்தியைவிட அதிக முக்கியமானதும், வாங்குவோரில் அநேகர் கவனியாமல் விடுவதும் கிளட்ச்சாகும். இதைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம். பழைய டிராக்டர்களில் இரு வகை உண்டு. ஒற்றைக் கிளட்ச் உள்ள வண்டியில் மிதியை அழுத்தினால் வண்டியும் நிற்கும், பி.டி.ஓ.வும் நிற்கும். இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டியில் மிதியைப் பாதி அழுத்தினால் வண்டி மட்டும் நிற்கும்; பி.டி.ஓ. சுழன்றுகொண்டே இருக்கும். முழுவதும் அழுத்தினால்தான் இரண்டும் நிற்கும். உழவுக்கு இந்த வித்தியாசத்தால் பாதகமில்லை. பேலருக்கோ இதுவே உயிர்.

உருளைப் பேலரில் அறை நிரம்பியதும் வண்டியை நிறுத்த வேண்டும். வண்டி நின்றபடியே உள்ளே உருளை சுழல, நூல் அதைச் சுற்றிக் கட்ட வேண்டும். பிறகு பின்கதவு திறந்து கட்டு வெளியே விழ வேண்டும். ஐம்பது கட்டு கட்டினால் ஐம்பது முறை இது நடைபெறும். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் ஓட்டுபவர் மிதியை அழுத்தியவுடன் உருளையும் நின்றுவிடுகிறது. அவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, மிதியை விட்டு, நிரம்பிய அறையை மறுபடி சுழற்றித் தொடங்க வேண்டும். நின்றுபோன பளுவைத் தொடங்குவது ஓடுகிற பளுவை ஓட்டுவதைப் போன்றதன்று. அந்த நிமிஷத்தில் பாதுகாப்பு போல்ட் முறியும், சங்கிலி தாவும், கிளட்ச் தகடு தேயும். வரிசையில் திடீரென வைக்கோல் குவியல் வந்தாலும் இதே கதைதான். வண்டியை நிறுத்தி உருளைக்கு மூச்சுவிட நேரம் கொடுக்க இரட்டைக் கிளட்ச்சால் முடியும். ஒற்றைக் கிளட்ச்சால் முடியாது. பழகிய ஓட்டுநர் ஒற்றைக் கிளட்ச்சிலும் சமாளிப்பார் என்பது மெய்யே. ஆனால் பழகிய ஓட்டுநரை எல்லா நாளும் கூலிக்குப் பிடிக்க முடிவதில்லை.

ஆகையால் 45 குதிரைச் சக்தியில் ஒற்றைக் கிளட்ச் வண்டியும் 35 குதிரைச் சக்தியில் இரட்டைக் கிளட்ச் வண்டியும் ஒரே விலைக்கு வந்தால், வைக்கோல் பண்ணைக்காரர் இரண்டாவதையே வாங்க வேண்டும். மாஸி பெர்குசன் 1035, மஹிந்திரா 275, ஸ்வராஜ் 735 போல இப்பக்கங்களில் நிறைய ஓடுகிற மாதிரிகளில் இரு வகையும் விற்கப்பட்டிருக்கின்றன. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் வண்டியில் ஏறி மிதித்துப் பார்க்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, பி.டி.ஓ.வைப் பூட்டி, மிதியைப் பாதி அழுத்தினால் தண்டு சுழல்கிறதா நிற்கிறதா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அப்போது தண்டின் அருகே வேட்டியோ துண்டோ படும்படி யாரும் நிற்கலாகாது. மூடியில்லாத பி.டி.ஓ. தண்டு துணியைப் பற்றினால் ஆளையும் சேர்த்துச் சுற்றிவிடும்; கையை இழுத்துக்கொள்ள நேரம் இராது. பழைய வண்டிகளில் அந்த மூடி பெரும்பாலும் காணாமற் போயிருக்கும். அதற்கு ஆகும் சொற்பச் செலவை வண்டியின் கிரயத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

கியரையும் இங்கேயே பார்த்துவிடலாம். கனமான வைக்கோல் வரிசையில் வண்டி மணிக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகலாகாது. ஆனால் எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால்தான் தண்டு 540 சுற்றைக் காட்டும். எனவே மிக மெதுவாக நகரும் கீழ் கியர் வேண்டும். எட்டு முன்கியர் உள்ள வண்டி இதற்குச் சௌகரியம். ஆறு கியர் மட்டும் உள்ள மிகப் பழைய வண்டிகளில் முதல் கியரே சில சமயம் வேகமாய்ப் போய்விடும்.

எல்லா உலர்தீவனமும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கால்நடைக்கென்று சோளம் விதைப்போர் பூக்கும் பருவத்தில் அறுத்துக் காயவைத்தால், முற்றிய தட்டையைவிடச் சத்துள்ள தீவனம் கிடைக்கும். இதை வெட்டுவதற்கும் திருப்பிப் போடுவதற்கும் பேலரைக் காட்டிலும் குறைந்த சக்தியே போதும். கொழுக்கட்டைப் புல்லும் அப்படியே. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வேறு ஜாதி. தண்டு பருத்துச் சாறு மிகுந்திருப்பதால் அது எளிதில் உலராது. அதைப் பச்சையாகவோ குழித் தீவனமாகவோ கொடுப்பதே முறை. அதை வளர்ப்பவர் பேலருக்காக டிராக்டர் தேடுவது வீண். மணிலாக் கொடியைப் பேலரில் சுருட்டினால் சத்து நிறைந்த இலை உதிர்ந்து வயலிலேயே தங்கிவிடும். வேர் மண் கட்டோடு சேரும். கொடியைப் பழைய வழக்கப்படி போராகப் போடுவதே நல்லது. எனவே மேட்டு நிலம் மட்டும் வைத்திருக்கும் மணிலாச் சாகுபடிக்காரர் பேலரை உத்தேசித்து வண்டியின் அளவைக் கூட்ட வேண்டியதில்லை.

இனிக் கணக்குக்கு வரலாம். பெரிய வண்டியின் மேல் உள்ள ஆசை இங்கேதான் தணியும். அறுவடை யந்திரம் அடித்தாளை நிறுத்திவிட்டே அறுப்பதால், ஏக்கருக்கு 50 கட்டு வைக்கோல் கிடைக்கிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். ஐந்து ஏக்கருக்கு 250 கட்டு. மணிக்கு 50 கட்டு என்று மெதுவாக ஓட்டினாலும் ஐந்து மணி நேர வேலை. வருஷத்தில் மூன்று போகம் விளைந்தாலும் பதினைந்து மணி நேரமே! உழவு, ரோட்டவேட்டர், எரு ஏற்றுதல், வைக்கோல் ஏற்றுதல் எல்லாம் சேர்த்தாலும் ஐந்து ஏக்கர்க்காரருக்கு வருஷத்தில் நூறு மணி நேர வேலை தேறுவது கஷ்டம்.

35 குதிரைச் சக்தியுள்ள பழைய வண்டி மூன்றரை லட்சம் ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றும், கடன் வட்டி நூற்றுக்கு 12 என்றும் வைத்துக்கொண்டால், வட்டி மட்டும் வருஷத்துக்கு 42,000 ரூபாய். வண்டியின் மதிப்புக் குறைவுக்கு 25,000, இன்ஷூரன்ஸுக்கும் ரிப்பேருக்கும் 28,000 என்றால், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் 95,000 ரூபாய் செலவு. ஓடும்போது மணிக்கு மூன்றரை லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபாய் வீதம்; எண்ணெயும் ஓட்டுநர் கூலியும் சேர்த்து மணிக்கு 500 ரூபாய் ஆகும். வெளியில் வாடகை வண்டிக்கு மணிக்கு 1,000 ரூபாய் கொடுப்பதாகக் கொண்டால், சொந்த வண்டியில் மணிக்கு மிஞ்சுவது 500 ரூபாய். 95,000-ஐ ஈடு செய்ய வருஷத்துக்கு 190 மணி நேரம் வண்டி ஓட வேண்டும்.

இதே கணக்கை ஐந்து லட்சத்துக்கு வாங்கிய 50 குதிரைச் சக்தி வண்டிக்குப் போடலாம். வட்டி 60,000, மதிப்புக் குறைவு 35,000, ரிப்பேரும் இன்ஷூரன்ஸும் 40,000, ஆக 1,35,000. ஓடும் செலவு, மணிக்கு ஐந்து லிட்டர் டீசல் முதலியவற்றோடு, 650 ரூபாய். மணிக்கு மிஞ்சுவது 350 மட்டுமே. ஈடு செய்ய ஏறக்குறைய 386 மணி நேரம் ஓட வேண்டும். கிரயம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. ஓட வேண்டிய நேரமோ இரு மடங்காகிவிட்டது. பெரிய வண்டி உழவை விரைவில் முடிக்கும் என்று ஆட்சேபம் சொல்லலாம். உழவைப் பற்றி அது உண்மை. வைக்கோல் கட்டுவதில் வேகத்தை நிர்ணயிப்பது பேலரின் அறையும் நூல் சுற்றும் நேரமுமே; வண்டியில் மிஞ்சிய பதினைந்து குதிரைகளும் சும்மா நின்று டீசல் குடிக்கும். இவை மாதிரிக்குப் போட்ட எண்கள். தத்தம் ஊரின் விலையையும் வாடகையையும் போட்டு அவரவர் கணக்கிட்டுக்கொள்ளலாம். இரு வண்டிகளுக்கும் உள்ள தூரம் அதிகம் மாறாது.

இக்கணக்கிலிருந்து கசப்பான மற்றொரு விஷயமும் வெளிப்படுகிறது. நான்கைந்து ஏக்கர் மட்டும் உள்ளவர், அக்கம்பக்கத்தாரின் வேலையும் தமக்கு நிச்சயமாகக் கிடைக்கும் என்று இருந்தாலொழிய, எந்த அளவு வண்டியையும் வாங்காமல் இருப்பதே மேல். அவர் நூறு மணி நேரத்துக்கு வாடகை கொடுத்தாலும் 1,00,000 ரூபாயோடு முடிந்தது. சொந்த வண்டியில் அதே வேலைக்கு 1,45,000 ஆகிறது. வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர் முதலிய யந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. செல்போன் மூலம் பதிவு செய்யும் வசதியும் 2022 முதல் ஏற்பட்டிருக்கிறது. அரசாங்க வாடகை தனியார் வாடகையைவிடக் குறைவு. ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே வாரத்தில் அறுக்கும்போது வாடகை யந்திரத்தின் முறை வரக் காத்திருக்க வேண்டும். வைக்கோல் காத்திருக்காது. பலரைச் சொந்த வண்டிக்குத் துரத்துவது இந்தப் பயமே. அதைப் பேராசை என்று இகழ்வது நியாயமன்று.

2024 டிசம்பர் 1-ஆம் தேதியை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. விழுப்புரம் மாவட்டத்தின் பயிர்கள் தண்ணீரில் மூழ்கின. அத்தகைய வருஷத்தில் வயல் காய்வதற்கே நாளாகும். காய்ந்தபின் கிடைப்பதும் சில நாட்களே. இரண்டு பசு வைத்துப் பாலை ஊற்றி வாழும் குடும்பத்துக்கு அந்தச் சில நாட்களில் வைக்கோல் வீடு சேராவிட்டால், சித்திரை வைகாசியில் வெளியூர் வைக்கோலைச் சொன்ன விலைக்கு வாங்க நேரும். இல்லையேல் மாட்டை விற்க நேரும். ஆகவே நான்கைந்து ஏக்கர்க்காரர் மூவர் நால்வர் சேர்ந்து ஒரு 35 குதிரைச் சக்தி வண்டியைப் பொதுவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்தது. 190 மணி நேரம் நால்வருக்குள் எளிதில் நிறையும். யார் வயல் முதலில் என்பதை மட்டும் வண்டி வாங்குமுன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கிய பிறகு பேசினால் அண்ணன் தம்பிகளுக்குள்ளும் மனஸ்தாபம் வரும்.

ஈரமும் வண்டியின் அளவைப் பற்றிய ஒரு காரணமே. 35 குதிரைச் சக்தி வண்டியின் எடை சாதாரணமாக ஒன்றேமுக்கால் டன் அளவு. 50 குதிரைச் சக்தி வண்டி இரண்டு டன்னைத் தாண்டும். களி கலந்த ஏரிப் பாசன மண் மேலே காய்ந்து கீழே பதமாக இருக்கையில் கனத்த வண்டியின் சக்கரம் ஆழப் பதிந்து அடிமண்ணை இறுக்கிவிடும். அடுத்த போகத்து மணிலாவின் வேரோ உளுந்தின் வேரோ அந்த இறுக்கத்தைத் துளைப்பது கடினம். உழவுக்குப் போன நேரம் லாபமென்றால் இது அதில் நஷ்டம்.

அளவு தீர்மானமான பிறகு குறிப்பிட்ட வண்டியைச் சோதிக்க வேண்டும். பழைய டிராக்டர் முன்னே என்ன வேலை செய்தது என்பதை அதன் உடம்பே சொல்லும். மணல், செங்கல் ஏற்றிய டிரெய்லர் இழுத்த வண்டியில் பின்சக்கர டயரின் நடுப்பகுதி ரோட்டில் தேய்ந்து வழவழப்பாயிருக்கும், கொக்கித் துளை நீண்டிருக்கும், பிரேக் தளர்ந்திருக்கும். ஆனால் அதன் பி.டி.ஓ. பெரும்பாலும் புதிது போலிருக்கும். வைக்கோல் வேலைக்கு இத்தகைய வண்டி, எஞ்சின் நன்றாயிருந்தால், வெறுக்கத்தக்கதன்று; டயரின் விலையைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். சேற்றுழவுக்கு கேஜ் சக்கரம் கட்டி ஓடிய வண்டியை அதிக எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். பின்அச்சின் இரு முனைகளிலும் எண்ணெய்க் கசிவு இருந்தால் சேறு உள்ளே புகுந்திருக்கலாம். வருஷக்கணக்கில் ரோட்டவேட்டர் ஓட்டிய வண்டியில் பி.டி.ஓ. தண்டைக் கையால் பற்றி ஆட்டினால் ஆட்டம் தெரியும்; தண்டின் பற்களும் மழுங்கியிருக்கும். எஞ்சின் எவ்வளவு இனிமையாய் ஓடினாலும் அவ்வண்டி பேலருக்கு ஆகாது. முதலில் எஞ்சினை அணைத்து, பிறகே தண்டைத் தொட வேண்டும் என்று சொல்வது மிகையாகத் தோன்றினும் சொல்லியே ஆக வேண்டும்.

மணிக்கணக்கைக் காட்டும் மீட்டரை நம்புவதற்கில்லை; அதை மாற்றிவிடுவது சுலபம். மிதிக்கட்டையின் தேய்மானமும் ஸ்டியரிங்கின் ஆட்டமும் அதைவிட உண்மை பேசும். வண்டியைப் பார்க்கப் போகும்போது முன்னறிவிப்பின்றிக் காலையில் போவது நலம். ஏற்கெனவே சூடேற்றி வைத்த எஞ்சின் எதையும் மறைத்துவிடும். குளிர்ந்த எஞ்சின்தான் முதற் சுழற்சியில் தன் குறையைக் காட்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது. பிஸ்டனும் வளையங்களும் தேய்ந்தன என்று கொள்ளலாம். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். பின்புறம் ஒரு கலப்பையைத் தூக்கிவைத்து எஞ்சினை அணைத்துவிட்டு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தால், கலப்பை தானே இறங்குகிறதா என்பதிலிருந்து ஹைட்ராலிக்கின் நிலைமை விளங்கும். எல்லாவற்றிலும் மேலான சோதனை ஒன்றுண்டு. வாடகைப் பேலர் ஒன்றை மாட்டி, வைக்கோல் கிடக்கும் வயலில் பத்துக் கட்டு கட்டிப் பார்ப்பதே அது. ஆறாவது ஏழாவது கட்டில் எஞ்சின் சூடேறிய பின்னர் சுழற்சி தளர்கிறதா என்பதைக் காது கேட்கும். விற்பவர் இதற்கு இணங்காவிட்டால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

விலை பேசுவோர் ஒரு புதிய விஷயத்தை அறிந்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு 12-லிருந்து 5-ஆகக் குறைந்தது. வரியுடன் 7 லட்சம் ரூபாய்க்கு விற்ற புதிய வண்டியில் இதனால் ஏறக்குறைய 44,000 ரூபாய் குறையும். புதியதன் விலை இறங்கினால் பழையதன் விலையும் இறங்குவதே முறை. அதற்கு முந்தைய விலையையே தரகர் பேசினால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உதிரி பாகங்கள், டயர்கள் முதலியவற்றின் வரியும் அப்போதே குறைந்தது. அரசாங்க மானியத்தை எதிர்பார்ப்போர், அது புதிய யந்திரங்களுக்கே உரியதென்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். டிராக்டரைப் பழையதாக வாங்கிக்கொண்டு, மானியம் பெற்றுப் பேலரைப் புதியதாக வாங்குவது பலருக்குப் பொருந்தும் வழி.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் வண்டியிலுள்ள நம்பர்களோடு ஒத்துப்பார்க்க வேண்டும். வண்டி எந்த வங்கியிலாவது, நிதிக் கம்பெனியிலாவது கடனுக்கு ஈடாக இருந்து, தவணை முடிந்ததற்கான சான்று இல்லாவிட்டால், முன்பணம்கூடக் கொடுக்கலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ராஜ்யத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெயர் மாற்றாமலே ஓட்டும் வழக்கம் கிராமங்களில் அதிகம். விபத்து நேர்ந்த அன்று அந்தக் கையெழுத்து இருவரையும் கோர்ட்டில் நிறுத்தும். பதிவு செய்து 15 வருஷம் கடந்த வண்டியானால், பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்து, அதன் செலவு யாருடையது என்று பேசிக்கொள்ள வேண்டும்.

வாங்கும் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தை பிறந்து அறுவடை தொடங்கிய பின் வண்டி தேடுவோர் அவசரத்தில் விலையையும் கொடுத்துச் சோதனையையும் விட்டுவிடுகின்றனர். ஆடிப் பட்டத்து உழவு முடிந்து, மழைக்கு முன் வண்டிகள் வேலையின்றி நிற்கும் புரட்டாசியில் தேடினால், பார்க்க நேரமும் பேரம் பேச இடமும் கிடைக்கும். வைக்கோல் வயலில் சோதிக்க அப்போது முடியுமா என்று கேட்கலாம். சொர்ணவாரி அறுத்த வயல்களில் அந்த மாதத்திலும் வைக்கோல் கிடக்கும். பத்துக் கட்டு கட்டிப் பார்க்க அது தாராளமாய்ப் போதும்.